ஹோமரின் கிரேக்கக் காவியமான இலியத்தில் எது அசல், எது இடைச்செருகல் என்று அந்தக் காலத்திலேயே யாராவது ஆராய்ந்தார்களா?

ஆராய்ந்தார்கள், அதுவும் எகிப்தின் அலெக்சாந்திரியாவில். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அங்கே நூலகத் தலைவராக இருந்த செனோடோட்டஸ், சந்தேகமான வரிக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு படுக்கைக்கோடு போட்டார். கோடு விழுந்தாலும் வரி அப்படியே இருக்கும். படிப்பவரே முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்த நூற்றாண்டில் அதே நூலகத்தின் தலைவராக இருந்த அரிஸ்டார்கஸ் இதை ஒரு கலையாகவே ஆக்கிவிட்டார். முதல் காண்டத்தில், மகளை மீட்க வந்த கிழட்டுப் பூசாரியிடம் கிரேக்கப் படைக்குத் தலைவனான அரசன் அகமெம்னன், அவள் தன் வீட்டில் தறி நெய்தே கிழவியாவாள் என்கிறான். அரசன் பேசுகிற பேச்சா இது என்று அந்த 3 வரிகளுக்கும் (29-31) கோடு! எனக்கென்னவோ அகமெம்னன் அப்படிப் பேசக்கூடிய ஆள்தான்.

வெனிஸிலுள்ள 10ஆம் நூற்றாண்டு இலியத் கையெழுத்துப் பிரதியின் ஓரங்களில் இந்த வாதங்களை இன்றும் பொடி எழுத்தில் பார்க்கலாம்.