டீச்சர் பதில்கள்: மாமத் குகையும் முழங்கால் வலியும்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில், கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில் வேலை பார்க்கிறான். அடுத்த மாதம் நாங்கள் போகும்போது எட்மன்சன் கவுண்டி என்ற பட்டிக்காட்டுக்கு மூன்று நாள் அழைத்துப் போவானாம். அங்கே மாமத் குகை இருக்கிறதாம். எனக்கு 64 வயது, முழங்கால் வலி வேறு. நயாகராவை விட்டுவிட்டு அங்கே எதற்கு?
- ஒரு வாசகி, நாமக்கல்

பதில்: பட்டிக்காடு என்பது சரிதான். கவுண்டி முழுவதையும் கூட்டினாலே சுமார் 12,000 பேர். தலைமை ஊரான பிரவுன்ஸ்வில்லில் ஆயிரம் பேர்கூடக் கிடையாது. ஆனால் அந்த மண்ணுக்கு அடியில்தான் உலகிலேயே நீளமான குகை சுருண்டு கிடக்கிறது. இதுவரை அளந்தது மட்டும் 420 மைலுக்கு மேல். சென்னையில் புறப்பட்டால் ஏறக்குறைய நாகர்கோவிலை எட்டிவிடும் தூரம். இன்னும் அளந்துகொண்டே இருக்கிறார்கள்.

முழங்கால் விஷயத்தில் மகனின் உற்சாகத்தை நம்பாதீர்கள். உள்ளே போக விதவிதமான சுற்றுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் தனி டிக்கெட். 'ஹிஸ்டாரிக் டூர்' என்பதில் இரண்டு மைல் நடையும் 540 படிகளும் இருக்கின்றன. நடுவில் 'குண்டு மனிதரின் அவதி' என்று பொருள்படும் பெயரில் ஒரு சந்து வருகிறது; பெயரில் பொய்யில்லை, பக்கவாட்டில்தான் நகர வேண்டும். முடியும் தறுவாயில் ஓர் இரும்புக் கோபுரம், 155 படி. தொண்ணூறு வரை எண்ணினேன், அதற்குப் பிறகு மூச்சு வேறு வேலைக்குத் தேவைப்பட்டது. உங்களுக்கு ஏற்றது 'ஃப்ரோசன் நயாகரா' சுற்று. வாசல் வரை பஸ்ஸில் கொண்டுபோய் விடுவார்கள். உள்ளே நடை கால் மைல்தான். பெயரைப் பாருங்கள், உறைந்த நயாகரா! அருவி விழுவதுபோலவே கல் வழிந்து நிற்கிறது. நீங்கள் கேட்ட நயாகராவும் கிடைத்தது, நனையவும் வேண்டாம்.

தேசியப் பூங்காவுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. குகைச் சுற்றுகளுக்கு மட்டும் நேரம் குறித்த டிக்கெட் வாங்க வேண்டும், கோடையில் அது முன்கூட்டியே தீர்ந்துவிடும். வெளியே வெயில் கொளுத்தினாலும் உள்ளே ஆண்டு முழுவதும் சுமார் 12 டிகிரிதான், ஸ்வெட்டர் அவசியம். வேறு எந்தக் குகைக்குள்ளாவது போட்டுப்போன செருப்பு, ஷூ வேண்டாம். வௌவால்களைக் கொல்லும் ஒரு பூஞ்சை நோய் அதில் ஒட்டிப் பரவக்கூடும் என்பதால், வெளியே வரும்போதுகூட ஈர விரிப்பின் மேல் நடக்க வைக்கிறார்கள்.

இன்னொன்று. லூயிவில்லைவிட அங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் பின்னால். இது தெரியாமல், பத்து மணிச் சுற்றைத் தவறவிடப் போகிறோம் என்று என் மருமகனை விரட்டி, இட்லிகூடச் சாப்பிட விடாமல் இழுத்துக்கொண்டு ஓடினேன். போய்ச் சேர்ந்தால் அங்கே மணி 8.50. மிச்ச நேரம் முழுவதும் அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மௌனம்தான் தாங்க முடியவில்லை.

கேள்வி: சென்ற வருடம் மாமத் குகைக்குப் போனேன். ஆந்திராவில் போரா குகையில் பார்த்ததுபோல் தொங்கல்களும் தூண்களும் இருக்கும் என்று நினைத்தால், வெறும் ரயில் சுரங்கம்போல் இருந்தது. ஏமாந்துவிட்டேனா?
- ஒரு வாசகர், கோவை

பதில்: கூரையை ஏமாற்றம் இல்லாமல் ஒருமுறை நினைத்துப் பாருங்கள். முப்பது வருடம் புவியியல் நடத்தியவளிடம் கேட்டுவிட்டீர்கள், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். குகை இருப்பது சுண்ணாம்புக்கல்லில். மழைநீர் காற்றிலும் மண்ணிலும் இருக்கும் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகி, அந்தக் கல்லை அரித்து வழி செய்தது. ஆனால் அந்த மேட்டு நிலத்தின் தலைமேல் மணற்கல் ஒரு குடையாக உட்கார்ந்திருக்கிறது. குடைக்குக் கீழே நீர் சொட்டுவதில்லை. சொட்டாத இடத்தில் தொங்கல் ஏது? குடை தேய்ந்து நீர் இறங்கும் ஓரங்களில் மட்டும் அவை வளர்கின்றன. ஃப்ரோசன் நயாகரா அப்படிப்பட்ட ஓரம்.

அந்தக் குடையை ஏசாதீர்கள். 1812இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் இடையே தொடங்கிய போரின்போது துப்பாக்கி மருந்துக்காக இந்தக் குகை மண்ணிலிருந்து வெடியுப்பு எடுத்தார்கள்; வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் அடிமைகள். தண்ணீர் கொண்டுவர மரத்தைக் குடைந்து செய்த குழாய்கள் இன்றும் அங்கேயே கிடக்கின்றன. இருநூறு வருட மரம்! நம் வீட்டு நிலைக்கதவு பத்து மழைக்காலம் தாங்குவதில்லை.

கேள்வி: மலைக்கோட்டைப் பாறையில் யாராவது பெயர் கிறுக்கினால் திட்டித் தீர்க்கிறோம். மாமத் குகையிலோ கூரையில் கிறுக்கிய பெயர்களை டிக்கெட் வாங்கிப் பார்க்கிறார்களாம். இது என்ன நியாயம்?
- ஒரு வாசகர், திருச்சி

பதில்: இன்று அங்கே கிறுக்கினால் வழக்குப் போடுவார்கள். நீங்கள் சொல்லும் பெயர்கள் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டினுடையவை. ஒரு கோலின் நுனியில் மெழுகுவர்த்தியைக் கட்டி, சுடரைக் கூரைக்கு அருகே பிடித்தால் புகைக்கரி படியும். அப்படியே எழுத்து எழுத்தாக இழுத்திருக்கிறார்கள். நான் அண்ணாந்து பார்த்தபோது ஓர் எழுத்து தலைகீழாகத் திரும்பியிருந்தது. கழுத்தை வளைத்து, கண்ணில் மெழுகு சொட்டாமல் எழுதியவருக்கு அது பெரிய குற்றமில்லை.

அவற்றில் ஒரு பெயருக்காகவே அந்த டிக்கெட் பணத்தைக் கொடுக்கலாம்: ஸ்டீபன் பிஷப். குகையை வாங்கிய வழக்கறிஞர் ஃபிராங்க்ளின் கோரின் 1838இல் இந்த இளைஞரை வழிகாட்டியாக உள்ளே அனுப்பினார். பிஷப் அவருடைய அடிமை. அதுவரை எல்லோரும் திரும்பிவந்த 'அடியில்லாப் பள்ளம்' என்ற குழியைக் கடந்து அப்பால் போனவர் அவர்தான். கண்ணில்லாத மீன்கள் வாழும் பாதாள ஆறுகளை எட்டினார். நினைவிலிருந்தே வரைபடம் வரைந்தார். 1839இல் குகை டாக்டர் ஜான் கிரோகன் கைக்கு மாறியபோது பிஷப்பும் அதோடு சேர்ந்தே கைமாறினார். யாருக்கும் தெரியாத மைல்களைக் கண்டுபிடித்தவர், விற்பனைப் பத்திரத்தில் ஒரு சாமான். 1856இல் விடுதலை கிடைத்தது, மறு வருடமே இறந்துபோனார். பூங்கா விடுதிக்குப் பக்கத்தில் சின்ன நடைபாதை ஒன்று அவர் கல்லறை வரை போகிறது. உங்கள் சுற்றில் வழிகாட்டி அந்தக் கதையைச் சொல்லாவிட்டால், தயங்காமல் கேளுங்கள்.

பிஷப்போடு மேட், நிக் பிரான்ஸ்ஃபோர்ட் என்ற இருவரும் அடிமை வழிகாட்டிகளாக இருந்தார்கள். அந்தப் பரம்பரை தலைமுறை தலைமுறையாக விளக்கேந்தியது. 1941இல் தேசியப் பூங்கா அமைந்த காலத்தில் அது அறுந்தது. 2004இல்தான் மேட்டின் வம்சாவளியில் ஒருவர் மீண்டும் அங்கே வழிகாட்டியாகச் சேர்ந்தார்.

கிறுக்கலுக்கு இன்னொரு பயனும் உண்டு. 1972இல் பக்கத்து ஃபிளின்ட் ரிட்ஜ் குகைக்குள் ஊர்ந்து போன ஆய்வாளர்கள், யாருமே வந்திருக்க முடியாது என்று நினைத்த இடத்தில் 'பீட் ஹெச்' என்ற பெயரையும் ஓர் அம்புக்குறியையும் கண்டார்கள். முப்பதுகளில் மாமத் பக்கத்திலிருந்து வந்தவர் எழுதியது. சில நாட்களில் இரண்டு குகைகளும் ஒன்றே என்று நிரூபணமாயிற்று.

கேள்வி: சைவச் சாப்பாடு கிடைக்குமா?
- ஒரு வாசகி, மயிலாடுதுறை

பதில்: உருளைக்கிழங்கு வறுவல் சைவம்தான். அதோடு திருப்தி இல்லையென்றால் புளியோதரை கட்டிக்கொண்டு போங்கள். மரத்தடியில் மேசைகள் இருக்கின்றன. குகைக்குள் உணவு கொண்டுபோகக் கூடாது.

கேள்வி: என் கணவர் குகை என்றாலே மூச்சு முட்டுகிறது என்பார். அவரை வெளியே எங்கே உட்கார வைப்பது?
- ஒரு வாசகி, தூத்துக்குடி

பதில்: உட்கார வைக்காதீர்கள், கிரீன் ஆற்றுக்கு அனுப்புங்கள். பூங்காவுக்குள் ஆற்றைக் கடக்க ஒரு மிதவை இருக்கிறது. கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று கார்களை மட்டும் ஏற்றிக்கொண்டு போகும். காசு கிடையாது. கடப்பதற்குச் சில நிமிடம்தான், ஆனால் பொறுமையில்லாத ஓட்டுநர்கள்கூட இன்ஜினை நிறுத்திவிட்டு ஆற்றைப் பார்க்கிறார்கள். நீர் மிகவும் ஏறினாலோ இறங்கினாலோ ஓடாது, விசாரித்துவிட்டுப் போகட்டும்.

கார் பிரியர் என்றால் பக்கத்துக் கவுண்டியில், பௌலிங் கிரீனில், கார்வெட் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கும் கீழே அதே சுண்ணாம்புக்கல். 2014 பிப்ரவரி 12 விடியற்காலையில் தரை பொக்கென்று உள்ளே போய், எட்டு கார்களை விழுங்கிவிட்டது. யாருக்கும் காயமில்லை. மூன்றைச் சீர்செய்தார்கள், மற்ற ஐந்தையும் நசுங்கிய கோலத்திலேயே வைத்திருக்கிறார்கள். குகை வேண்டாம் என்ற உங்கள் கணவரிடம், அவர் நிற்கும் இடத்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதைத் திரும்பி வந்த பிறகு சொல்லுங்கள்.