விற்றவரே திருட்டுப் புகார் கொடுத்தால்

நண்பரே, 9,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய போனில் இரண்டே வாரத்தில் சிக்னல் போய்விட்டது, விற்றவரே 'திருடுபோனது' என்று முடக்கிவிட்டார் என எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு ஆறவில்லை.

சிம்மை மாற்றிப் பயனில்லை. தொலைந்த, திருடுபோன போன்களை முடக்க மத்திய அரசு நடத்தும் சஞ்சார் சாத்தி தளத்தில் தடுத்தால், போனின் தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணே இந்தியாவின் எல்லா நெட்வொர்க்கிலும் முடங்கும். ஆனால் போலீஸ் புகார் நகல் இல்லாமல் அங்கே தடுக்க முடியாது. அப்படியானால் அவர் ஏதோ ஒரு ஸ்டேஷனில் பொய் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்களுக்கு அதுதான் பிடி. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாவற்றையும் பிரிண்ட் எடுத்து, போனோடு நீங்களே முந்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். பொய்த் தகவல் கொடுப்பது பாரதிய நியாய சன்ஹிதா (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 217-ஆம் பிரிவில் குற்றம். தடையை நீக்க, தடுத்தபோது அவருக்குத் தளம் கொடுத்த கோரிக்கை எண் வேண்டும், அதனால் அவரை வரவழைத்தே ஆகவேண்டும்.

ஐஎம்இஐயை மாற்றித் தருகிறேன் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள். 2023 தொலைத்தொடர்புச் சட்டப்படி அதற்கு 3 ஆண்டு வரை சிறை.