டிரில் மாஸ்டர் பதில்கள்: பீலேயின் லீக் மூடாமல் இருந்திருந்தால்?

பீலே ஆடிய அமெரிக்கக் கால்பந்து லீக் 1984-லேயே படுத்துவிட்டது என்று என் பேரன் சொன்னான். படுக்காமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? கொஞ்சம் கற்பனை பண்ணிச் சொல்லுங்களேன், சார்.
– பாபநாசம் வாசகர்

பேரன் சரியாகத்தான் சொல்லியிருக்கிறான். நார்த் அமெரிக்கன் சாக்கர் லீக் என்று பெயர். 1968-ல் தொடங்கியது, 1984 கடைசி சீசன். பீலே 1975-ல் நியூயார்க் காஸ்மோஸில் சேர்ந்து மூன்று சீசன் ஆடினார்.

அந்த லீக்கோடு எனக்குப் பழைய பழக்கம் உண்டு. 1977 செப்டம்பர் 24 அன்று காஸ்மோஸ் கல்கத்தாவுக்கே வந்து, ஈடன் கார்டனில் மோகன் பகானோடு ஆடி 2-2 டிரா செய்தது. மழையில் ஊறிய மைதானம். எனக்கு அப்போது பதினாலு வயது. எங்கள் ஊருக்குப் பேப்பர் பதினோரு மணி பஸ்ஸில்தான் வரும். டீக்கடையில் என் முறைக்குக் காத்திருந்து அதில் வந்திருந்த பீலே படத்தைப் பார்த்தேன். "சேத்துல எறங்கிட்டாருய்யா, இனிமே நம்ம ஆளுதான்" என்றார் கடைக்கார அண்ணன். சரியாக ஒரு வாரம் கழித்து, அக்டோபர் 1-ல், நியூஜெர்சியில் பீலேயின் கடைசி ஆட்டம். முதல் பாதி காஸ்மோஸுக்கு, இரண்டாம் பாதி தன் பழைய பிரேசில் அணியான சான்டோஸுக்கு. அங்கேயும் மழைதான்.

சரி, கற்பனைக்கு வருவோம். வரலாற்றை எந்த இடத்தில் மடை மாற்றுவது? பீலே இன்னும் இரண்டு வருஷம் ஆடியிருந்தால் என்றுதான் எல்லோரும் ஆரம்பிப்பார்கள். அதில் ஒன்றும் தேறாது. 1977 ஆகஸ்டில் ஒரே ஆட்டத்துக்கு 77,691 பேர் வந்தார்கள். அவர் போன பிறகும் காஸ்மோஸுக்குக் கூட்டம் வந்துகொண்டுதான் இருந்தது. ஜெர்மனியின் பெக்கன்பவர் இருந்தார், இத்தாலிக்காரர் கினாலியா கோலாக அடித்துக்கொண்டிருந்தார், பின்னால் அணியின் முதலாளி வார்னர் கம்பெனியின் பணம் இருந்தது. காஸ்மோஸ் தலைமடை, சார். தலைமடை என்றைக்குக் காய்ந்தது?

நான் கை வைப்பது 1978-ல். 1977-ல் 18 அணிகள். அடுத்த வருஷம் ஒரே மூச்சில் 24. மேட்டூரில் இருக்கிற தண்ணீர் பதினெட்டு வாய்க்காலுக்கே இழுபறி என்று தெரிந்தும் புதிதாக ஆறு வாய்க்கால் வெட்டினால் என்ன ஆகும் என்று பாபநாசத்துக்காரருக்கு நான் சொல்லவேண்டியதில்லை. புதிதாக வந்ததில் கொலராடோ அணி சட்டையில் நெஞ்சுக்குக் குறுக்கே தோல் குஞ்சம் தைத்து, கரகாட்டத்துக்குப் புறப்பட்ட மாதிரி இறங்கியது. அடுத்த வருஷமே அட்லாண்டாவுக்கு மூட்டை கட்டிவிட்டது. ஏபிசி தொலைக்காட்சி 1979, 80 இரண்டு வருஷம் காட்டிவிட்டுக் கையை உதறியது. அப்புறம் 21 அணி, 14, 12, கடைசியில் 9.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் ஊர்ப் பொங்கல் டோர்னமென்டுக்கு நான்தான் பொருளாளர். சம்பா அறுப்புக்கு முன்னாலேயே வயலில் உளுந்து தெளித்துவிடுவார்கள், கால் வைத்தால் கொன்றுவிடுவார்கள். அதனால் கோயில் திடலில் மூங்கில் நட்டு ஆட்டம். வீட்டுக்கு ஒரு மரக்கால் நெல் வசூல். ஒரு வருஷம் திருச்சியிலிருந்து மூன்று பேரைக் கூட்டிவந்தேன். ஆட்டத்துக்கு ஆளுக்கு 150 ரூபாய், பிரியாணி தனி. ஃபைனல் வரை போனோம், திடல் கொள்ளவில்லை. அடுத்த வருஷம் பக்கத்து ஊர்க்காரன் நாலு பேரை இறக்கினான். நான் விடுவேனா? ஐந்து. அதற்கடுத்த வருஷம் ஏழு. எங்கள் பிள்ளைகள் கோல் போஸ்டுக்குப் பின்னால் நின்று பந்து பொறுக்கினார்கள். நாலாவது வருஷம் வசூலுக்குப் போனபோது கீழத்தெரு அப்பாயி மரக்காலைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "எந்த ஊரான் ஒதைக்கிறதுக்குடா நான் நெல்லு அளக்கணும்?" என்று கேட்டது. அத்தோடு டோர்னமென்ட் முடிந்தது. காஸ்மோஸைப் பார்த்து மற்றவர்கள் செலவழித்ததும் இதே வீம்புதான், தொகைதான் பெரிசு.

ஆக, என் கற்பனையில் 1978-லும் 18 அணிதான். புதிதாக வர நினைப்பவன் மூன்று வருஷம் காத்திருக்க வேண்டும். சம்பளத்துக்கு எல்லோருக்கும் ஒரே உச்சவரம்பு. காஸ்மோஸ் முறைத்துக்கொள்ளும், முறைக்கட்டும். அந்த லீக்கில் எனக்குப் பிடித்த அணி டல்சா. 1977-ல் ஹவாயில் இருந்த அணி, அடுத்த வருஷம் ஓக்லஹோமாவில் எண்ணெய்க் கிணறுகளுக்கு நடுவே உள்ள டல்சாவுக்கு வந்தது. 1983-ல் அதுதான் சாம்பியன்! அடுத்த சீசனோடு லீக்கும் போயிற்று, டல்சாவும் போயிற்று. என் வரலாற்றில் டல்சா இன்றைக்கும் ஆடிக்கொண்டிருக்கிறது, எட்டாவது இடத்தில். அது போதும் அதற்கு.

1986 உலகக் கோப்பையை மெக்ஸிகோவுக்குப் பதில் அமெரிக்காவுக்குக் கொடுத்திருந்தால் லீக் பிழைத்திருக்காதா?
– மன்னார்குடி வாசகர்

ஹாக்கி ஊரிலிருந்து கால்பந்துக் கேள்வி, சந்தோஷம்.

கொலம்பியா நடத்த முடியாது என்று விலகியதும் அமெரிக்கா கேட்டது உண்மை. முன்னாள் வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிங்கரையே முன்னால் நிறுத்தினார்கள். 1983 மே மாதம் மெக்ஸிகோவுக்குப் போய்விட்டது. கிடைத்திருந்தாலும் லீக் பிழைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதே வருஷம் வார்னரின் வீடியோ கேம் கம்பெனி அடாரி பயங்கர நஷ்டத்தில் விழுந்தது. சொந்த வீட்டில் கூரை எரிகிறபோது எவன் கால்பந்தைப் பார்ப்பான்? பயிர் கருகின பிறகு திறந்துவிட்ட தண்ணீராகத்தான் இருந்திருக்கும்.

ஆனால் வேறொரு கற்பனை எனக்கு ருசியாக இருக்கிறது. 1986 ஜூன் 22, அர்ஜென்டினா–இங்கிலாந்து. மெக்ஸிகோவில் பகல் 12 மணி, நமக்கு இரவு 11.30. நான் அப்போது மெட்ராஸில் உடற்கல்விப் பயிற்சியில். ஹாஸ்டல் டிவி அறையைப் பத்து மணிக்குப் பூட்டிவிடும் வார்டனிடம் இருபது பேர் போய்க் கெஞ்சி சாவி வாங்கினோம். அதே ஆட்டம் நியூஜெர்சியில் பகல் 12 மணிக்கு நடந்திருந்தால் நமக்கு 9.30. முதல் அரை மணி நேரமாவது கெஞ்சாமல் பார்த்திருக்கலாம்.

ஆனால் காஸ்மோஸின் அந்த ஜயன்ட்ஸ் ஸ்டேடியத்தில் செயற்கைப் புல். மாரடோனா பாதி மைதானத்திலிருந்து ஐந்தாறு பேரைத் தாண்டி ஓடிய அந்த ஓட்டம் பிளாஸ்டிக் தரையில் எப்படி இருந்திருக்கும்? 1994-ல் அங்கே உலகக் கோப்பை வந்தபோது, நாம் பாய் நாற்றங்காலைச் சுருட்டிக் கொண்டுபோகிற மாதிரி நிஜப்புல்லைக் கொண்டுவந்து மேலே விரித்தார்கள். 86-லும் விரித்திருப்பார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அதே ஆட்டத்தில் அவர் கையால் போட்ட கோலுக்குப் புல் தேவையே இல்லை.

அமெரிக்கா கிடக்கட்டும். நம் நாட்டு தேசியக் கால்பந்து லீக்கும்தானே மூடிப்போனது? அதற்குக் கற்பனை கிடையாதா?
– காரைக்கால் வாசகர்

உண்டு. 1996-ல் தொடங்கி 2007-ல் முடிந்தது, ஐ-லீக் என்று பெயர் மாறித் தொடர்ந்தது. மொத்தம் 11 கோப்பை. கல்கத்தாவின் மோகன் பகான் மூன்று, ஈஸ்ட் பெங்கால் மூன்று, கோவாவின் டெம்போ இரண்டு, சல்கோகர் ஒன்று. கூட்டிப் பாருங்கள், ஒன்பது கோப்பை கல்கத்தாவிலும் கோவாவிலும். மிச்சம் இரண்டில் ஒன்று முதல் சாம்பியன் பஞ்சாபின் பக்வாரா ஜேசிடி மில்ஸுக்கு, இன்னொன்று மும்பை மஹிந்திராவுக்கு. மஹிந்திரா 2010-ல் அணியைக் கலைத்தது, ஜேசிடி 2011-ல். இவை கம்பெனி அணிகள். முதலாளி வேண்டாம் என்றால் முடிந்தது.

சென்னையிலிருந்து இந்தியன் வங்கி அதில் ஆடியது. 1997–98 சீசனில் அதிக கோல் அடித்தவர் நம் தமிழ்நாட்டு ராமன் விஜயன், ஆனால் அடித்தது எஃப்சி கொச்சினுக்காக. (ஐ.எம். விஜயன் வேறு, அவர் திருச்சூர்க்காரர். இருவரையும் குழப்பி எனக்கு வருகிற கடிதங்கள் ஒரு கட்டு இருக்கிறது.)

என் கற்பனை ரொம்பச் சின்னது. ஒவ்வொரு அணியும் சீசனுக்கு இரண்டு ஆட்டமாவது தன் மாநிலத்தின் சின்ன ஊரில் ஆட வேண்டும் என்று 1996-லேயே ஒரு விதி. பிப்ரவரியில் தஞ்சாவூரில் இந்தியன் வங்கியோடு மோத ஈஸ்ட் பெங்கால். அறுப்பு முடிந்து கையில் காசு இருக்கிற மாதம், டிக்கெட் விற்கும். ஐப்பசி கார்த்திகையில் மட்டும் வைத்துவிடக் கூடாது, கல்கத்தா சேறு நம் சேற்றிடம் பிச்சை வாங்க வேண்டும்.

பீலே லீக்கில் பெனால்டிக்குப் பதிலாக ஓடிவந்து அடிப்பார்களாமே?
– வலங்கைமான், பத்தாம் வகுப்பு மாணவர்

ஆமாம் தம்பி. ஆட்டம் சமனில் நின்றால் கோலிலிருந்து 35 கஜம் தள்ளிப் பந்தை வைப்பார்கள். ஐந்து நொடிக்குள் ஓட்டிக்கொண்டு போய் அடிக்க வேண்டும், கோல்கீப்பர் எதிரே ஓடிவரலாம். எங்கள் பள்ளியில் ஒருமுறை வைத்துப் பார்த்தேன். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் கீப்பரைத் தாண்டி அடித்த அடியில் பந்து கோலுக்குள் புகுந்து, வலை கிடையாது என்பதால், நேரே வாய்க்காலில் விழுந்தது. ஆடி மாதத் தண்ணீர். கோலா இல்லையா என்று இரண்டு தரப்பும் சண்டை போட, நாலு பேர் கரையோரமாக ஓடினார்கள். பந்து மூன்றாவது படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த அக்காவிடம் கிடைத்தது. கோல் கொடுத்தேன்.