அல்பேனிய மொழியின் இறந்தகாலங்கள்: கேள்வி பதில்

அல்பேனியன் கற்றுக்கொள்ளும் நண்பர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். அது லத்தீன் எழுத்தில் எழுதும் மொழி, இங்கே தமிழில் கொடுத்திருக்கும் உச்சரிப்பு தோராயம்தான். பாஷெ, பாரெ போன்ற சொற்களின் கடைசி எகரத்தை மெலிதாகச் சொல்லுங்கள், பேச்சில் அது பாதி மறைந்துவிடும்.

கேள்வி: அக்கா, என் புத்தகத்தில் இறந்தகாலம் மட்டும் ஐந்து வகை இருக்கிறது. ஐந்தையும் சேர்த்தே படிக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம், முதலில் மூன்று போதும். புனோவா (வேலை செய்தேன்), புனோயா (வேலை செய்துகொண்டிருந்தேன்), காம் புனுவார் (வேலை செய்திருக்கிறேன்). நான்காவதான கீஷா புனுவார், அதாவது வேலை செய்திருந்தேன் என்பது, 'காம்' (என்னிடம் உண்டு) என்ற துணைவினையின் இறந்தகால வடிவமான கீஷா தெரிந்த அன்றே தானாக வந்துவிடும். ஐந்தாவதான பாத்தா புனுவார் பெரும்பாலும் எழுத்தில்தான் வரும், பார்த்தால் புரிந்தால் சரி.

கேள்வி: ஷ்கோவா, ஷ்கோயா இரண்டுமே 'போனேன்' என்றுதான் எனக்குப் படுகிறது. எப்போது எது?

பதில்: எல்லோரும் தடுமாறும் இடம் இதுதான், ஆனால் தமிழ் தெரிந்தவருக்கு இது உண்மையில் சுலபம். "சின்ன வயதில் தினமும் ஆற்றுக்குப் போவேன்" என்று பழைய வழக்கத்தை எதிர்கால வடிவத்தில் சொல்கிறோம் இல்லையா, அந்த இடம் முழுக்க ஷ்கோயா. 'போய்க்கொண்டிருந்தேன்' என்று சொல்ல முடிகிற இடமும் அதுவே. ஒரு முறை போய் முடிந்துபோனது என்றால் ஷ்கோவா. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வரும்போது இன்னும் தெளிவாகும்: "குர் எர்தே, போ ஹாயா புக்கெ", நீ வந்தபோது நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். வந்தது ஒரு புள்ளி, அதனால் எர்தே. சாப்பாடு நடுவில் இருந்தது, அதனால் ஹாயா, முன்னால் வரும் 'போ' அது நடந்துகொண்டிருந்ததை அழுத்திச் சொல்கிறது. அப்புறம் இன்னொரு காரணத்துக்காகவும் ஷ்கோயா வகையை நன்றாகப் பழகுங்கள்: 'முடிந்தால் போவேனே' என்ற நிபந்தனைப் பேச்சுக்கு இதே வடிவத்தின் முன்னால் 'தோ தெ' சேர்த்தால் போதும், தோ தெ ஷ்கோயா.

கேள்வி: ஒழுங்கில்லாத வினைகளை எப்படி மனப்பாடம் செய்வது? தலை சுற்றுகிறது.

பதில்: 'ஓய்' என்று முடியும் வினைகள் ஏராளம், புதிதாக வரும் கடன் சொற்களும் அதில்தான் சேரும் (கிளிக் செய்தேன் என்றால் கிளிகோவா). அவை எல்லாம் ஒரே அச்சு: புனோவா, புனோவே, புனோய், புனுவாம், புனுவாத், புனுவான். பன்மையில் ஓ என்பது உவா ஆகிறது, கவனியுங்கள். புனுவான் நம் காதுக்கு 'அவன்' மாதிரி கேட்கும், ஆனால் அது 'அவர்கள்'. மற்றபடி தினமும் வாயில் வரும் சில வினைகள்தான் முரண்டு பிடிக்கும். ஒவ்வொன்றையும் மூன்று சொல்லாகச் சேர்த்தே படியுங்கள், தனித்தனியாக வேண்டாம். வீய், எர்தா, ஆர்துர் (வருவது). ஷோஹ், பாஷெ, பாரெ (பார்ப்பது). ஹா, ஹெங்க்ரா, ங்க்ரெனெ (சாப்பிடுவது). தெம், தாஷெ, தெனெ (சொல்வது). நடுச்சொல் 'செய்தேன்' வடிவம், கடைசிச்சொல் காம் கூடச் சேர்வது. பாஷெ, தாஷெ மாதிரி 'ஷெ' என்று முடிபவை 'அவன்' என்று வரும்போது வெறும் பா, தா என்று சுருங்கிவிடும்.

கேள்வி: ஆங்கிலத்தில் 'நேற்று' என்று வந்தால் அந்த 'செய்திருக்கிறேன்' வடிவம் வரக்கூடாது. அல்பேனியனிலும் அப்படித்தானா?

பதில்: இல்லை, அந்த விதியை இங்கே கொண்டுவராதீர்கள். நேற்று நடந்ததற்கு ஷ்கோவா வகைதான் அதிகம் கேட்கும், ஆனால் காம் வகை தப்பில்லை. பிறந்த வருடத்தைச் சொல்லும்போதே "காம் லிந்துர்" என்றுதான் பலரும் சொல்கிறார்கள். அனுபவத்தைக் கேட்க இதுதான் இயல்பு: "ஆ கே ச்செனெ நெ பெராத்?", பெராத்துக்குப் போயிருக்கிறாயா?

கேள்வி: எனக்கு இத்தாலியன் தெரியும். அதில் போவது வருவதற்கு 'இரு' வினை சேரும். இங்கேயும் யாம் ஆர்துர் என்று சொல்லலாமா?

பதில்: கூடாது, காம் ஆர்துர்தான். யாம் சேர்வது தனக்குத்தானே நிகழ்கிற வினைகளுக்கும் செயப்பாட்டுக்கும் மட்டும். களைத்துப்போனேன் என்றால் உ லோதா, களைத்துப்போயிருக்கிறேன் என்றால் யாம் லோதுர். அந்தச் சின்ன 'உ' வினைக்கு முன்னால் ஒட்டி நிற்கும், மறுப்பு வந்தாலும் இடம் மாறாது: நுக் உ லோதா.

கேள்வி: டிரானாவில் பக்கத்து வீட்டுப் பாட்டி ஜன்னலைத் திறந்துவிட்டு "பாஸ்கா ரெனெ ஷி!" என்றார். பாஸ்கா எந்தக் காலம்?

பதில்: எனக்கு இந்த மொழியில் மிகவும் பிடித்த விஷயம் இது. காலையில் வாசல் நனைந்திருப்பதைப் பார்த்து "அட, மழை பெய்திருக்கே!" என்போமே, அச்சு அசல் அதே. பெய்ததைப் பார்க்கவில்லை, தடயத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிறோம், ஆச்சரியமும் கலந்திருக்கிறது. அல்பேனியனில் இதற்கென்றே தனி வினை வடிவங்கள் உண்டு, வியப்பு வினை என்று சொல்லலாம். கா ரெனெ ஷி என்றால் 'மழை பெய்திருக்கிறது' என்ற வெறும் செய்தி (கா என்பது காம் என்பதன் 'அவன், அது' வடிவம்). கா இருந்த இடத்தில் பாஸ்கா வந்ததும் பாட்டியின் புருவம் உயர்ந்துவிடுகிறது. நமக்கு 'இருக்கே' என்ற தொனியில் பாதி இது ஏற்கெனவே பழக்கம், அதனால் பயப்படாமல் பேச்சில் பயன்படுத்துங்கள்.

கேள்வி: நான் இருப்பது பிரிஷ்டினாவில். இங்கே யாரும் புனுவார் என்று சொல்வதில்லையே?

பதில்: கொசோவோவில் பேசுவது வடக்கு வழக்கான கெக். 1972-ல் டிரானாவில் நடந்த மாநாட்டில் உறுதியான பொது எழுத்துமொழி பெரும்பாலும் தெற்கு வழக்கான தோஸ்க்கை ஒட்டியது, உங்கள் புத்தகம் அதுதான். கொசோவோவிலோ காம் புனுவே என்பார்கள், 'இருந்திருக்கிறேன்' என்பதற்கு காம் ச்செனெ இல்லாமல் யாம் கோன் என்பார்கள். பொது வடிவத்தில் பேசினால் எல்லோருக்கும் புரியும். காதுக்கு மட்டும் உள்ளூர் வடிவத்தைப் பழக்குங்கள்.

கேள்வி: 'நான் வேலை செய்கிறேன்', 'அவன் வேலை செய்தான்' இரண்டும் புனோய் என்றே கேட்கிறதே?

பதில்: எழுத்தில் கடைசி எழுத்து வேறு, பேச்சில் ஏறக்குறைய ஒன்றுதான். கூட வரும் த்யே (நேற்று) மாதிரி சொல்லை வைத்துப் பிடியுங்கள். சந்தேகம் வராமல் இருக்க நீங்கள் பேசும்போது 'நான்' என்பதற்கான 'ஊன' சேர்த்தே சொல்லுங்கள்.