கையில 6 லட்சம் இருக்கு, பழைய பைக் கன்சல்டிங்கும் ஒர்க்‌ஷாப்பும் சேர்த்து ஆரம்பிக்கலாமா?

கேள்வி கேட்ட தம்பி ஒரு ஷோரூம் சர்வீஸ்ல நாலு வருஷம் மெக்கானிக்கா இருந்திருக்கார், 6 லட்சம் சேத்து வச்சிருக்கார், பழைய வண்டி வாங்கி விக்கற கன்சல்டிங்கும் ரிப்பேர் பட்டறையும் ஒரே இடத்துல போட்டா தேறுமான்னு கேட்டிருக்கார். தேறும் தம்பி. நான் திருப்பூர்ல 2016-ல இருந்து அதத்தான் பண்ணிட்டு இருக்கேன். ஆனா நீங்க எழுதினத பாத்தா 5 லட்சத்துக்கு வண்டியா வாங்கி வரிசையா நிறுத்திட்டு மிச்ச காசுல டூல்ஸ் வாங்கலாம்னு நினைக்கறீங்க போல, அத மட்டும் பண்ணிறாதீங்க. மொதல்ல பட்டறைய போடுங்க, வண்டி விக்கறது பின்னாடி வரட்டும்.

ஏன்னா பட்டறை தினமும் காசு தரும். ஆயில் மாத்த வருவாங்க, பிரேக் ஷூ, கிளட்ச் கேபிள், செயின் ஸ்ப்ராக்கெட்னு எதுக்காவது ஆள் வந்துட்டே இருக்கும், அந்த காசுல வாடகையும் பையன் சம்பளமும் போயிரும். வண்டி வியாபாரம் அப்படி இல்ல, இங்க தீபாவளி போனஸ் வந்த வாரம் நாலு வண்டி போகும், அப்புறம் மார்கழில ஒரு மாசம் ஒருத்தன் கூட வந்து கேக்க மாட்டான். அத விட முக்கியமா, பட்டறைக்கு ரெண்டு வருஷமா சர்வீசுக்கு வர்ற வண்டி ஒண்ண அந்த கஸ்டமர் விக்கணும்னு சொன்னா அதோட ஜாதகமே நமக்கு தெரியும், எப்ப ஆயில் மாத்தினோம், எப்ப விழுந்தது, எப்ப கிளட்ச் பிளேட் போட்டோம் எல்லாம் நம்ம நோட்டுல இருக்கும். நான் இதுவரைக்கும் வாங்கினதுல நஷ்டமே வராத வண்டிங்க எல்லாம் இப்படி வந்ததுதான். லோன் கட்டாததால ஃபைனான்ஸ்காரங்க புடிச்சு ஏலம் விடற சீசிங் வண்டி, புரோக்கர் கொண்டு வர்ற வண்டி எல்லாம் விலை கம்மியா தெரியும், உள்ள என்ன இருக்குன்னு கழட்டினாதான் தெரியும்.

ஒரு வண்டி கணக்கு சொல்றேன், போன வருஷம் பண்ணது. டிஎன் 39 நம்பர், பிஎஸ் 4 (2020 ஏப்ரலுக்கு முந்தின புகை விதி) ஸ்ப்ளெண்டர், ஒரே ஓனர். 31,000-க்கு எடுத்தேன். பின் டயர் 1,700, செயின் ஸ்ப்ராக்கெட் 1,100, பேட்டரி 1,200, ஃபோர்க் ஆயில் சீலும் ஆயிலும் 450, வாஷ் பாலிஷ் ஸ்டிக்கர் 800, பையன் கூலி 600, பேர் மாத்த 1,200, மொத்தம் 7,050 ஆச்சு. 43,000-க்கு குடுத்தேன். மேலோட்டமா 4,950 நிக்குதுல்ல, ஆனா 2025 ஜனவரில இருந்து பழைய வண்டிக்கு மார்ஜின் மேல 18 சதவீதம் ஜிஎஸ்டி, அதுக்கு முன்னாடி இந்த மாதிரி வண்டிக்கு 12 தான் இருந்தது. மார்ஜின்னா வாங்கின விலைக்கும் வித்த விலைக்கும் நடுவுல இருக்கற 12,000, நம்ம ஸ்பேருக்கு போட்ட காச அதுல கழிக்க முடியாதுன்னு எங்க ஆடிட்டர் தெளிவா சொல்லிட்டார். அப்ப 2,160 வரிக்கு போச்சு. கையில நின்னது 2,790 ரூவா, அதுவும் வண்டி 38 நாள் கடையில நின்ன பிறகு. அதனாலதான் சொல்றேன், லாபம் விக்கறப்ப வர்றதில்ல, வாங்கறப்பவே முடிவாயிடுது. அந்த 31,000-த்த நான் 33,000-னு பேசியிருந்தா எனக்கு ஆயிரம் சொச்சம்தான் மிஞ்சியிருக்கும்.

இன்னொண்ணு, ஸ்டாக் நிறைய வச்சா என்ன ஆகும்னும் பாத்துட்டேன். 2025-ல போனஸ் சீசனுக்குன்னு ஆகஸ்ட்லயே 14 வண்டி எடுத்து வச்சிருந்தேன். செப்டம்பர் 22-ல இருந்து 350 சிசி வரைக்கும் புது வண்டிக்கு ஜிஎஸ்டி 28-ல இருந்து 18-க்கு எறங்கிருச்சு. ஜனங்களுக்கு நல்லதுதான், நான் குறை சொல்லல. ஆனா புதுசு எறங்கினா பழசும் எறங்கும், வர்ற ஒவ்வொருத்தரும் “புதுசே கம்மியாயிருச்சேங்ணா, இதுக்கு இவ்ளோவா”ன்னு கேட்டாங்க, கேக்கறதுல நியாயமும் இருக்கு. 14-ல பாதி வண்டி வாங்கின விலைக்கே போச்சு. உங்க கையில இருக்கற 6 லட்சத்துல வண்டிக்கு ஒண்ணரைல இருந்து ரெண்டு லட்சத்துக்கு மேல போகாதீங்க, நாலஞ்சு வண்டி, அதுவும் சட்டுனு போற வண்டி. ஸ்ப்ளெண்டர், எக்ஸ்எல், ஆக்டிவா, ஜூபிடர் இதெல்லாம் எந்த ஊர்லயும் நிக்காது. ஆர்எக்ஸ் 100 மேல ஆசை இருக்கும், எனக்கும் இருக்கு, ஆனா அது 1996-லயே நின்னு போன வண்டி, ஒரிஜினல் ஸ்பேர் தேடியே மாசம் ஓடிரும், அத வியாபாரம் நிலைச்ச பிறகு ஆசைக்கு பண்ணுங்க.

இப்ப வண்டி பாக்கற விதம். நீங்க மெக்கானிக், இஞ்சின் தெரியும், ஆனா சர்வீஸ்ல வண்டி பாக்கறது வேற வாங்கறதுக்கு பாக்கறது வேற. விக்கறவர் வீட்டுக்கு போனதும் பேச்சு குடுத்துட்டே இஞ்சின் மேல கைய வைங்க. சூடா இருந்தா நமக்கு முன்னாடியே ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்கார்னு அர்த்தம், காலைல முதல் கிக்குல என்ன புகை வருது என்ன சத்தம் வருதுன்னு நம்மள பாக்க விடல. அப்ப டீ குடிச்சிட்டு வரேன்னு சொல்லி ஒரு மணி நேரம் கழிச்சு போங்க. சைலன்சர் வாயில விரல விட்டு பாருங்க, காஞ்ச கரியா வந்தா சரி, எண்ணெய் பிசுக்கோட வந்தா ரிங்கோ வால்வ் சீலோ போயிருக்கு, சிலிண்டர்ல போர் வேலை வரும்னு விலைய பேசுங்க. சென்டர் ஸ்டாண்ட் போட்டு முன் வீல தூக்கி ஹேண்டில்பார ரெண்டே விரலால இந்த பக்கம் அந்த பக்கம் மெதுவா திருப்புங்க, நடுவுல வந்ததும் ஒரு குழில உக்காந்த மாதிரி நிக்கும், அது கோன் செட் (ஹேண்டில்பார் திரும்பற பேரிங்) போனது, அத மாத்திக்கலாம், ஆனா எதுனால போச்சுன்னு கேட்டுக்கணும், மோதின வண்டியா இருக்கலாம். அப்புறம் பின் வீல்ல இருந்து முன் வீலுக்கு நூல் புடிச்சு பாருங்க, சேஸ், அதாவது வண்டியோட ஃப்ரேம் பெண்ட்னா என்ன விலைக்கு குடுத்தாலும் வேண்டாம். மீட்டர்ல 22,000 கிலோமீட்டர் காட்டும், பிரேக் பெடல் ரப்பரும் கிக்கர் ரப்பரும் தேஞ்சு வழவழன்னு இருக்கும், எது உண்மைன்னு ரப்பர்கிட்ட கேளுங்க.

தண்ணில முங்கின வண்டி பத்தி தனியா சொல்லணும். 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கு அப்புறமும், 2023 டிசம்பர்ல சென்னையிலயும் பின்னாடியே தூத்துக்குடி நெல்லைப் பக்கமும் தண்ணி வந்தப்பவும் அந்த வண்டிங்க மெல்ல மெல்ல இந்த பக்கம் எல்லாம் விலைக்கு வந்துச்சு. நான் 2016-ல புதுசுல அப்படி ரெண்டு வண்டி எடுத்தேன். இஞ்சின் அருமையா இருந்துச்சு, ஆயில் மாத்தி இருந்தாங்க, சீட் புதுசு. மூணு மாசம் கழிச்சு ஹெட்லைட்ட கழட்டினா உள்ள கப்ளர் எல்லாம் பச்சை பூத்து, வயர தொட்டா பொடிப்பொடியா உதிருது. வயரிங் முழுசா மாத்தினேன். இப்ப நான் முதல்ல பாக்கறது ஸ்பீடோமீட்டர் கண்ணாடி, உள்பக்கம் ஆவி படிஞ்ச கோடு இருக்கான்னு, அப்புறம் சீட்டுக்கு அடில மூலையில வண்டல் மண்ணு இருக்கான்னு. பிஎஸ் 6 வண்டியா இருந்தா இது இன்னும் முக்கியம், 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த வண்டில எல்லாம் சென்சாரும் இஞ்சின கட்டுப்படுத்தற ஈசியூ கம்ப்யூட்டரும் இருக்கு, தண்ணி போனா செலவு தாங்காது. அதனால டூல்ஸ் வாங்கறப்ப கம்ப்ரசர், ஹைட்ராலிக் ராம்ப், டார்க் ரெஞ்ச், மேக்னட் புல்லர் இதோட ஈசியூல என்ன கோளாறுன்னு படிக்கற ஒரு நல்ல ஸ்கேனரும் சேத்து வாங்குங்க. கார்பரேட்டர் மட்டும் தெரிஞ்ச அண்ணன்மாருங்க எத்தன பேரு இந்த அஞ்சு வருஷத்துல தொழில விட்டு கம்பெனி வேலைக்கு போயிட்டாங்கன்னு நான் கண்ணால பாக்கறேன், நல்ல கைக்காரங்க அவங்க எல்லாம்.

சரி, இப்ப நான் இத எழுத உக்காந்ததுக்கு காரணமான விஷயத்துக்கு வரேன். பேப்பர்.

2019-ல ஒரு ரிட்டயர்டு கண்டக்டர் ஐயா அவரோட எக்ஸ்எல்ல எங்கிட்ட குடுத்தார். ஆர்சில பேர் மாத்தறதுக்கான ஃபார்ம் 29, ஃபார்ம் 30 ரெண்டுலயும் கையெழுத்து வாங்கிக்கிட்டேன், வாங்கறவர் பேர் எழுதற இடம் காலி. அப்ப எல்லாரும் அப்படித்தான் பண்ணுவோம், வாங்கற ஆள் வந்ததும் அவர் பேர நிரப்பிக்கலாம்னு. “பேர் மாத்தியாச்சாப்பா”ன்னு அவர் ரெண்டு தடவ போன் பண்ணார், “நான் பாத்துக்கறேங்கய்யா”ன்னு சொன்னேன். வண்டிய ஒரு மில் தொழிலாளி வாங்கிட்டு போனார், பேர் மாத்திக்கறேன்னு ஆர்சியும் ஃபார்மும் வாங்கிட்டு போனவர் மாத்தல, வேற ஒருத்தருக்கு வித்துட்டார், அந்த ஆள் நடந்து போன ஒருத்தர் மேல மோதிட்டார், கால் எலும்பு முறிஞ்சு போச்சு. இன்சூரன்ஸ் முடிஞ்சு ஏழு மாசம். விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்துல இருந்து நோட்டீஸ் யாருக்கு வரும்? ஆர்சில பேர் இருக்கற ஐயாவுக்கு. ஒரு நாள் மத்தியானம் மஞ்சப்பைல அந்த கவர வச்சிக்கிட்டு அவரும் அம்மாவும் பஸ் புடிச்சு கடைக்கு வந்தாங்க. திட்டவே இல்ல. “நீ பாத்துக்கறேன்னு சொன்னியேப்பா”ன்னு மட்டும்தான் கேட்டார். ரெண்டரை வருஷம் அவர் கூட கோர்ட்டுக்கு நடந்தேன், வக்கீல் ஃபீஸ் நான் குடுத்தேன், கடைசில கட்ட வேண்டி வந்ததுலயும் பெரும்பங்கு நான்தான் போட்டேன். காசு போனது கூட பரவால்ல, அந்த வயசுல அவங்கள கோர்ட் வராண்டால உக்கார வச்சது இன்னைக்கும் மனச அறுக்குது.

2018-லயே சுப்ரீம் கோர்ட் நவீன் குமார் வழக்குல தெளிவா சொல்லிருச்சு, வண்டி எத்தன கை மாறியிருந்தாலும் ஆர்டிஓ ரெக்கார்டுல யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், அவர்தான் பொறுப்புன்னு. அந்த வக்கீல் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

இப்ப எங்க கடைல பேர் மாத்தாம வண்டி வாசல தாண்டாது. சட்டமும் 2023 ஏப்ரல்ல இருந்து மாறிருச்சு, பழைய வண்டி வாங்கி விக்கற டீலரும் ஆர்டிஓகிட்ட அங்கீகாரம் வாங்கணும், அதுக்கு ஃபார்ம் 29ஏ-ல அப்ளை பண்ணி 29பி-ல சர்டிஃபிகேட், அஞ்சு வருஷம் செல்லும். வண்டிய நம்மகிட்ட ஒப்படைக்கறப்ப ஓனர் 29சி-ல ஆன்லைன்ல தெரிவிச்சுட்டா அதுல இருந்து நாமதான் ஓனர் கணக்கு, அந்த நடுவுல என்ன நடந்தாலும் பொறுப்பு நம்மளோடது, ஓனர் நிம்மதியா இருக்கலாம். அந்த வண்டிய நம்ம சொந்த வேலைக்கு ஓட்டவும் கூடாது, ட்ரையல், ரிப்பேர் மாதிரி வேலைக்கு மட்டும், அதையும் ரிஜிஸ்டர்ல ஏத்தணும். நிறைய கடைல இத இன்னும் பண்ணாம பழைய மாதிரி ஓபன் ஃபார்ம்லயே ஓட்டறாங்க. நீங்க புதுசா ஆரம்பிக்கறவர், முதல் நாள்ல இருந்தே இத பண்ணுங்க. அந்த ஐயா வண்டிய குடுத்தப்பவே இந்த விதி இருந்து நானும் அத பண்ணியிருந்தா அவர் பேர் அதுல வந்தே இருக்காது.

வாங்கறதுக்கு முன்னாடி பாக்க வேண்டிய மிச்சத்தையும் சொல்லிடறேன். அரசோட பரிவாகன் வெப்சைட்ல நம்பர போட்டு ஹெச்பி (வண்டி மேல ஃபைனான்ஸ் லோன்) இருக்கா, ஃபைன் பாக்கி இருக்கான்னு பாருங்க. லோன் முடிஞ்சுருச்சுன்னு வாயால சொன்னா போதாது, ஃபைனான்ஸ் என்ஓசியும் ஆர்சில இருந்து லோன நீக்கறதுக்கு கையெழுத்து போட்ட ஃபார்ம் 35-ம் கைல வரணும். ஓனர் இறந்துட்டார்னா வாரிசு பேருக்கு ஃபார்ம் 31-ல மாத்தின பிறகுதான் வாங்கணும், பையன் கையெழுத்து போடறான்னு வாங்கிட்டு அப்புறம் அக்கா தங்கச்சி வந்து நின்னா பதில் சொல்ல முடியாது. சேஸ் நம்பர பென்சில் பிரிண்ட் எடுத்து ஆர்சியோட ஒப்பிடுங்க, நம்பர் மேல கட்டை விரல் நகத்த ஓட்டி பாருங்க, ஒரு எழுத்து மட்டும் ஆழமா பட்டா விட்டுட்டு வாங்க. திருட்டு வண்டியான்னு தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தோட (என்சிஆர்பி) வாகன் சமன்வய் சேவைல பாத்துக்கலாம். அப்புறம் ஆர்சில குடுத்த மொபைல் நம்பர் இன்னும் அவர்கிட்ட இருக்கான்னு கேளுங்க, பேர் மாத்தறப்ப ஓடிபி அதுக்குத்தான் போகும், இது தெரியாம எத்தன நாள் அலைஞ்சிருக்கேன். வித்த பிறகு இன்சூரன்சையும் 14 நாளுக்குள்ள மாத்த அப்ளை பண்ண வைங்க, பேர் மாத்தியாச்சேன்னு இத மறந்துடுவாங்க.

கடைக்கு இடம் பாக்கறப்ப மெயின் ரோடு வேணும்னு அட்வான்ஸ்ல ரெண்டு லட்சத்த முடக்காதீங்க, பட்டறைக்கு உள் ரோடு போதும். பழைய ஆயில ஒரு டிரம்ல புடிச்சு வச்சு எடுக்கறவங்ககிட்ட குடுத்துடுங்க, சாக்கடைல ஊத்தாதீங்க, நொய்யல் பட்டது போதும். ஸ்பேருக்கு புதுசுன்னா சென்னை ஜி.பி. ரோடு, பழசுன்னா புதுப்பேட்டை, ஒரு தடவ நேர்ல போய் ரெண்டு மூணு கடைக்காரங்கள பழக்கம் புடிச்சிட்டு வந்தீங்கன்னா அப்புறம் போன்லயே பார்சல் போட்டு விடுவாங்க.

நீங்க எந்த ஊருன்னு எழுதல தம்பி. ஊரையும் அங்க என்ன வண்டி அதிகமா ஓடுதுன்னும் சொன்னீங்கன்னா முதல் நாலு வண்டி எது எடுக்கலாம்னு என்னால முடிஞ்சத சொல்றேன். எக்ஸ்எல் ஒண்ணு கண்டிப்பா இருக்கட்டும்.