ஜப்பானிய ஊர் இனிப்புகள்: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

மட்சுயே நகரில் ஒரு சின்ன இனிப்புக் கடையின் பட்டறையில் ஆறு வருடம் வேலை பார்த்தேன். ஜப்பானியர்கள் வகாஷி என்று சொல்லும் இனிப்புகளைப் பற்றி எதுவும் கேட்கலாம். கேட்பதற்கு முன்னால் ஒன்று மட்டும்: மோச்சி, அதாவது பசை அரிசியில் செய்யும் மெத்தென்ற பண்டம், அந்த வகை எதையும் ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள்.

ரேவதி: அக்கா, நான் செய்யும் மோச்சி மறுநாளே கல் மாதிரி ஆகிவிடுகிறது. மாவு சரியில்லையா?

மாவில் குறை இல்லை ரேவதி, ஃபிரிட்ஜில் வைத்திருப்பீர்கள். மிச்சச் சாதத்தை ஃபிரிட்ஜில் வைத்தால் காலையில் பருக்கை பருக்கையாக விறைத்துக் கிடக்குமே, அதேதான் இங்கும் நடக்கிறது. வெந்த அரிசி மாவுச்சத்து தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதால்தான் மெத்தென்று இருக்கிறது, உறைநிலைக்குச் சற்று மேலே உள்ள குளிரில்தான் அது மிக வேகமாக இறுகுகிறது, ஃபிரிட்ஜின் குளிர் சரியாக அந்த இடம். அன்றே சாப்பிடுங்கள். முடியாவிட்டால் ஒவ்வொன்றாகச் சுற்றி ஃப்ரீசரில் வையுங்கள், எடுத்து வெளியில் வைத்தால் மறுபடி மென்மையாகிவிடும். சர்க்கரை நிறையச் சேர்த்துக் கிண்டும் கியூஹி என்ற வகை மட்டும் கொஞ்ச நாள் தாங்கும், ஏனென்றால் சர்க்கரை தண்ணீரை விடாது.

செந்தில்: ஜப்பான் போகிறேன். இனிப்புக்காக ஒரே ஒரு ஊர் என்றால் எது? கியோட்டோதானே?

கியோட்டோவுக்கு எல்லாரும் போகிறார்கள், நீங்களும் போவீர்கள். நான் மட்சுயே என்பேன். தேநீர் இனிப்புக்குப் பேர்போன மூன்று ஊர்கள் கியோட்டோ, கனசாவா, மட்சுயே. இதில் மட்சுயேயில் அந்தப் பழக்கத்தை ஊன்றியவர் அந்தச் சீமையின் ஏழாவது பிரபு மட்சுதாய்ரா ஹருசாதோ (1751–1818). தேநீர்க் கலையில் மூழ்கியவர், ஃபுமாய் என்ற பெயரில்தான் ஊர் இன்றும் அவரைச் சொல்கிறது. அவர் விரும்பிய இனிப்புகளில் சில அவருக்குப் பிறகு வழக்கொழிந்து போயின. உள்ளூர்க் கடைக்காரர்கள் பழைய குறிப்புகளைத் தேடி அவற்றை மீட்டார்கள்.

அப்படி மீண்டதில் ஒன்று யாமாகவா, 'மலையாறு' என்று பொருள். சிவப்பு ஒன்று, வெள்ளை ஒன்று, இரண்டு கட்டிகள். சிவப்பு இலையுதிர்கால மலை, வெள்ளை ஆறு. வறுத்த பசை அரிசி மாவையும் சர்க்கரையையும் ஈரம் பார்த்துப் பிசிறி, சட்டத்தில் அழுத்தி எடுப்பார்கள். அந்த ஈரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கையில் பிடித்தால் பிடிபட வேண்டும், விட்டால் உதிர வேண்டும், நம் புட்டு மாவுக்குப் பார்க்கும் பதம்தான். மழை நாளில் ஒரு அளவு, காய்ந்த நாளில் ஒரு அளவு. கத்தி வைக்காமல் கையால் ஒடிக்க வேண்டும். நேராக ஒடியாது, பாறை பிளந்தது போல் கரடுமுரடாகப் பிளக்கும், அந்த முகம்தான் அழகு. வாயில் கரைந்து போகும், கடைசியில் லேசாக உப்பு தெரியும். அதன்மேல் கசப்பான மாச்சா என்ற பச்சைத் தேநீர் ஒரு வாய். இதற்காகவே ரயில் ஏறலாம் செந்தில்.

ஹரிணி: சைவத்துக்கு ஆகுமா? ஜெலட்டின் இருக்குமா?

பெரும்பாலும் ஆகும். பழைய வகைகளில் இறுகவைப்பது கடற்பாசியிலிருந்து எடுக்கும் கான்தென், அதாவது அகர் அகர். யோகான் என்பது அசுகி என்ற சிவப்புப் பயறு, சர்க்கரை, கான்தென், அவ்வளவுதான். அந்தச் சொல்லின் சீன எழுத்துகளுக்கு ஆட்டுக்கறிக் குழம்பு என்று பொருள், புலால் உண்ணாத ஜென் துறவிகள் அதையே பயறில் செய்ததிலிருந்து வந்த பெயர். காஸ்தெரா என்ற கேக்கில் முட்டை உண்டு. இப்போது பாக்கெட்டில் வருபவற்றில் ஜெலட்டின் இருக்கலாம், பின்பக்கம் படித்துவிட்டு வாங்குங்கள்.

அன்வர்: காஸ்தெரா போர்ச்சுகீசியர்களுடையது. அதை எப்படி ஜப்பானியப் பாரம்பரியம் என்கிறீர்கள்?

வந்தது 16ஆம் நூற்றாண்டில், நாகசாகி வழியாக, போர்ச்சுகீசியர்களோடு. யாரும் மறுக்கவில்லை. ஆனால் நானூறு வருடத்துக்கு மேல் ஒரு ஊர் கைவிடாமல் செய்து, ஸ்டார்ச் சிரப் சேர்த்து ஈரமாக்கி, அடியில் பருமனான சர்க்கரை நறநறக்கும்படி மாற்றிய பிறகு அது அந்த ஊருடையதுதான். நம் மிளகாயும் அப்படி வந்ததுதானே. கொன்பேதோ என்ற முள்முள்ளான சர்க்கரை மிட்டாயும் போர்ச்சுகீசிய வரவு. 1569இல் லூயிஸ் ஃபுரோயிஸ் என்ற பாதிரியார் ஒரு கண்ணாடிக் குப்பியில் போட்டு ஓதா நோபுனாகா என்ற படைத்தலைவருக்குக் கொடுத்தார். சூடான பெரிய சட்டி சாய்வாகச் சுற்றிக்கொண்டே இருக்க, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி இரண்டு வாரம் வரை வளர்ப்பார்கள், அந்த முட்கள் தானாக முளைப்பவை.

நாகசாகித் துறைமுகத்தில் இறங்கிய சர்க்கரை கியூஷூ தீவைக் கடந்த பழைய சாலைக்கே இப்போது 'சர்க்கரைச் சாலை' என்று பெயர், 2020இல் ஜப்பான் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள். அதன் வழியில் உள்ள சாகா பக்கத்து ஓகி என்ற சிற்றூரில் தெருவுக்குத் தெரு யோகான் கடை. வெளிப்புறம் சர்க்கரை பூத்து மொறுமொறுவென்று, உள்ளே வழவழவென்று இருக்கும் பழைய வகையைக் கேட்டு வாங்குங்கள்.

விஜி: நகோயாவிலிருந்து உய்ரோ வந்திருக்கிறது. ஃபிரிட்ஜில் எத்தனை நாள் வைக்கலாம்?

உய்ரோ அரிசி மாவு. முதல் பதிலைப் படியுங்கள் விஜி.

கார்த்திக்: சகுராமோச்சியின் இலையைச் சாப்பிட வேண்டுமா, கூடாதா?

சாப்பிடலாம். உப்பில் ஊறிய செர்ரி இலை, உள்ளே இருக்கும் தித்திப்புக்கு அந்த உப்பு எடுப்பாக இருக்கும்.

கார்த்திக்: டோக்கியோவில் எடுத்துவிட்டுத்தான் சாப்பிடுகிறோம். பனையோலைக் கொழுக்கட்டையில் ஓலையையா தின்கிறோம்?

மீனா (ஒசாகா): இங்கே எல்லாரும் இலையோடுதான் சாப்பிடுகிறார்கள். எடுத்துவிட்டால் அது வெறும் இளஞ்சிவப்பு உருண்டை.

இருவரும் வேறு வேறு பண்டத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். டோக்கியோ வகை கோதுமை மாவில் தோசை மாதிரி மெல்லியதாக வார்த்துப் பயறை வைத்துச் சுருட்டுவது. சுமிதா ஆற்றங்கரையில் சோமேஜி கோயிலில் காவலாக இருந்தவர், கூட்டிக் கூட்டி ஓயாத செர்ரி இலைகளை உப்பில் போட்டு 1717இல் தொடங்கினார் என்பது அங்குள்ள வரலாறு. ஒசாகா வகை வேறு. பசை அரிசியை வேகவைத்து, காயவைத்து, நொய்யாக உடைத்த தோம்யோஜி மாவில் செய்வது, பருக்கை நாக்கில் தட்டுப்படும்.

கார்த்திக், பனையோலை வாசம் கொடுத்துவிட்டு ஒதுங்கிவிடுகிறது, நார், மெல்ல முடியாது. இந்த இலை மெல்லுவதற்காகவே பதப்படுத்தியது. ஓஷிமா செர்ரியின் இளம் இலையைத்தான் பறிக்கிறார்கள், பெரும்பகுதி இசு தீபகற்பத்தின் மட்சுசாகி ஊரிலிருந்து வருகிறது. பச்சை இலையை முகர்ந்தால் ஒன்றும் தெரியாது, உப்பில் ஊறியதும்தான் கூமரின் என்ற மணப்பொருள் வெளிப்பட்டு அந்த மணம் வரும். நடு நரம்பு தடிப்பாக இருந்தால் கிள்ளி எடுத்துவிடுங்கள். மீனா, எடுத்துவிட்டுச் சாப்பிடுபவர்களும் தவறு செய்யவில்லை, மணம் ஏற்கெனவே உள்ளே இறங்கிவிட்டது.

குமரேசன்: அசுகி பயறு எங்கள் ஊரில் கிடைக்காது. மாற்று?

சிவப்புக் காராமணி, தைரியமாகப் போடுங்கள். இரண்டும் ஒரே இனக்குடும்பம். டோக்கியோப் பக்கம் செகிஹான் என்ற விசேஷச் சிவப்புச் சோற்றுக்கே காராமணி வகையைத்தான் போடுவார்கள், அசுகி வேகும்போது தோல் வெடிக்கும், அது சாமுராய் வயிற்றைக் கிழித்துச் சாவதை நினைவூட்டுவதால் அபசகுனம் என்பார்கள். முதல் கொதியின் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள், துவர்ப்பு போகும். சர்க்கரையைப் பயறு விரலில் நசுங்கிய பிறகுதான் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் எவ்வளவு நேரம் வைத்தாலும் வேகாது.

பிரியா: தாய்ஃபுகு மிச்சம் இருக்கிறது, ஃபிரிட்ஜில்...

வேண்டாம், அதுவும் பயறு வைத்த மோச்சிதான். ஃப்ரீசர்.

சுரேஷ்: அப்பாவுக்குச் சர்க்கரை. யோகான் கொடுக்கலாமா?

அவருடைய டாக்டரிடம் கேளுங்கள்.

நிலா: இரண்டு வயதுக் குழந்தைக்கு மோச்சி தரலாமா?

கூடாது நிலா, நறுக்கிக்கூடத் தராதீர்கள். அது தொண்டையில் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு புத்தாண்டுக்கும் ஜப்பானில் வயதானவர்கள் மோச்சி அடைத்து இறக்கிறார்கள், டோக்கியோ தீயணைப்புத் துறை வருடம் தவறாமல் எச்சரிக்கிறது. வீட்டுப் பெரியவர்களுக்குத் தருவதானால் சிறு துண்டாக்கி, முதலில் தொண்டையை நனைக்க ஒரு வாய் தேநீர் கொடுத்து, பக்கத்திலேயே இருங்கள்.

கார்த்திக்: கடைசியாக ஒன்று. அப்படியானால் கஷிவாமோச்சி இலையையும் தின்ன வேண்டுமா?

அதைத் தின்னாதீர்கள், அது ஓக் இலை, தோல் மாதிரி இருக்கும், அங்கே உங்கள் பனையோலைக் கணக்குதான் சரி. புதுத் துளிர் வரும்வரை பழைய இலை மரத்தை விட்டு உதிராது என்பதால், குலம் அறாமல் தழைக்கட்டும் என்று மே 5ஆம் தேதி பிள்ளைகளுக்காகச் செய்வது. அந்த மரம் அரிதாக இருக்கும் மேற்கு ஜப்பானில் வேறொரு கொடியின் வட்ட இலையை வைத்துக் கட்டுவார்கள். அதையும் பிரித்துப் போட்டுவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.