தாராவிச் சந்துகளில் பேறுகாலக் கணக்கெடுப்பு: யாரைக் கேட்பது, எதை எண்ணுவது?

கேள்வி: தாராவியில் எங்கள் மகளிர் குழு சுமார் 600 வீடுகளில் வேலை செய்கிறது. கர்ப்பிணிகளுக்கு ஏன் இத்தனை சிக்கல் வருகிறது என்று நாங்களே கேட்டு ஆராய நினைக்கிறோம். எப்படித் தொடங்குவது?

பதில்: தாய் இறப்பை மட்டும் எண்ணி முடிவுக்கு வராதீர்கள். 2018–20இல் இந்தியாவில் ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு 97 தாய்மார்கள் இறந்தார்கள். 600 வீடுகளில் ஆண்டுக்கு 50 பிரசவம் நடந்தாலே அதிகம். இறப்பே இல்லை என்று வந்தால் ஆபத்தும் இல்லை என்று தோன்றிவிடும். ஹீமோகுளோபின் 7க்குக் கீழே போனவர்கள், ரத்த அழுத்தம் 140/90ஐத் தொட்டவர்கள், வலிப்பு வந்தவர்கள், ரத்தம் ஏற்ற நேர்ந்தவர்கள் எத்தனை பேர் என்று எண்ணுங்கள். செத்துப் பிழைத்தவர்களின் கதையில்தான் காரணம் கிடைக்கும்.

அடுத்து, யாரைக் கேட்பது? பெரும்பாலான கணக்கெடுப்புகள் இங்கேதான் சறுக்குகின்றன. கைக்குழந்தை இருக்கும் வீட்டை மட்டும் தட்டினால் கரு கலைந்தவர்களும் குழந்தையை இழந்தவர்களும் விடுபடுவார்கள். கடந்த 12 மாதங்களில் கர்ப்பம் எப்படி முடிந்திருந்தாலும் அந்தப் பெண் பட்டியலில் இருக்க வேண்டும். மாடி அறை வாடகைக்காரர்களையும் சேருங்கள். நம் ஜனங்களிடம் இன்னொன்று உண்டு: வளைகாப்பு முடிந்ததும் திருநெல்வேலிப் பக்கம் தாய்வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே எடுத்த ரிப்போர்ட் இங்கேயே கிடக்கும், அங்கே புதிதாகப் பிக்மி எண் (தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது தரும் எண்) வாங்குவார்கள், ஏழு மாத விவரம் அந்த டாக்டர் கைக்குப் போகாது. இவர்களைப் போனிலாவது பிடித்துக் கேளுங்கள். இவர்களை விட்டுவிட்ட கணக்கு தாராவித் தமிழர்களின் கணக்கே ஆகாது.

கேள்விகள் இருபதைத் தாண்ட வேண்டாம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்களா என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். தேவை 180, விழுங்கியது எத்தனை, நிறுத்தியது ஏன் என்று கேளுங்கள். வாந்தியா, மலச்சிக்கலா, மாமியார் தடுத்தாரா என்பது அப்போதுதான் வெளிவரும். சிக்கல் வந்தவர்களிடம் நேரத்தைக் கேளுங்கள்: அறிகுறி தெரிந்தது எப்போது, கிளம்ப முடிவானது எப்போது, ஆஸ்பத்திரி சேர்ந்தது எப்போது, சிகிச்சை தொடங்கியது எப்போது. தாமதம் வீட்டிலா, வழியிலா, ஆஸ்பத்திரி வாசலிலா என்பதைப் பொறுத்துத் தீர்வு மாறும். பிரசவத்துக்குப் பிந்தைய 42 நாளையும் விடாதீர்கள். அதிக ரத்தப்போக்கும் காய்ச்சலும் அப்போதும் உயிரைப் பறிக்கும்.

அதே சந்துக்காரர் போய்க் கேட்டால் கருக்கலைப்பைப் பற்றி யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்துச் சந்துக்காரரை அனுப்புங்கள், பெண்ணைத் தனியாகப் பேசவிடுங்கள். சம்மதம் வாங்குங்கள். தாளில் எண் மட்டும் இருக்கட்டும், பெயர்ப் பதிவேடு வேறு பெட்டியில் பூட்டியிருக்கட்டும். ஆய்வாக வெளியிடும் எண்ணம் இருந்தால், கேட்கத் தொடங்கும் முன்பே ஒரு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். மருத்துவக் கல்லூரியின் சமூக மருத்துவத் துறையை அணுகுங்கள்.

கேட்டுக்கொண்டிருக்கும்போதே ஒரு கர்ப்பிணி கடுமையான தலைவலி, கண் மங்கல், ரத்தப்போக்கு, குழந்தை அசைவு குறைந்தது என்று இவற்றில் ஒன்றைச் சொன்னாலும் தாளை மூடிவிட்டு 108ஐக் கூப்பிடுங்கள்.

கிடைத்ததைப் பெண்கள் கூட்டத்தில் வைத்து, முதலில் எதைச் சரிசெய்வது என்று அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். இப்படிப்பட்ட பெண்கள் கூட்டங்களைப் பற்றி இந்தியா, நேபாளம், வங்கதேசம், மலாவி நாடுகளில் நடந்த ஏழு ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான முடிவு இது: கர்ப்பிணிகளில் குறைந்தது 30 சதவீதத்தினர் கூட்டங்களுக்கு வந்த இடங்களில் தாய் இறப்பு 55 சதவீதம் குறைந்திருந்தது. அந்த ஆய்வுகள் பெரும்பாலும் கிராமங்களில் நடந்தவை. மும்பைக் குடிசைப் பகுதிகளில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் அப்படித் தெளிவான பலன் தெரியவில்லை. ஆகவே வருகைப் பதிவேட்டில் மொத்தத் தலைகளை எண்ணாமல், உங்கள் பட்டியலிலுள்ள கர்ப்பிணிகளில் எத்தனை பேர் வந்தார்கள் என்று மாதாமாதம் பாருங்கள். மூன்றில் ஒருவர்கூட வரவில்லையென்றால் முதலில் கூட்ட நேரத்தை மாற்றுங்கள்; தண்ணீர் வரும் நேரத்தில் எந்தப் பெண்ணும் வர மாட்டாள்.